ஸ்விம் மென்பொருள்: தண்ணீர்க் கணக்குக்கு நாலு நட்சத்திரம், அழுக்குக் கணக்குக்கு இரண்டு

மூன்று மாதமாகப் பினாங்கின் ஜெலுத்தோங் பக்கம் ஒரு சின்னத் தாமானின் (குடியிருப்பின்) லோங்காங்குகளை, அதாவது சாக்கடை வடிகால்களை, ஸ்விம்மில் வரைந்து, ஓட்டி, தப்பு கண்டுபிடித்து, திரும்ப வரைந்து முடித்த கையோடு எழுதுகிறேன். ஸ்விம் என்பது நாங்கள் வாயால் சொல்வது, முழுப்பெயர் ஸ்டார்ம் வாட்டர் மேனேஜ்மென்ட் மாடல், மழைநீர் வடிகாலில் எப்படி ஓடும் என்று கணக்குப் போடும் மென்பொருள். அமெரிக்காவின் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் 1971இல் கொண்டுவந்தது. 2004இல் ஐந்தாம் பதிப்புக்காக முழுவதையும் புதிதாக எழுதினார்கள். இன்றுவரை காசில்லை. காசு கொடுத்து வாங்கும் சில மென்பொருள்களுக்கு உள்ளேயும் இதே எஞ்சின்தான், சட்டை மட்டும் வேறு.

முகப்பு பழைய விண்டோஸ் காலத்தது. வடிகால்கள் சேரும் ஒரு சந்திப்புப் புள்ளியைத் தவறி அழித்துவிட்டால் திரும்பக் கொண்டுவர வழி கிடையாது, நான் இரண்டு தடவை அழுதேன். திறந்தவுடன் அமெரிக்க அலகில் நிற்கும். ஓட்டத்தை லிட்டருக்கு மாற்றினால் ஏக்கர் ஹெக்டராகும், அங்குலம் மில்லிமீட்டராகும். இதை முதலிலேயே செய்துவிடுங்கள், பாதி வேலை முடிந்த பிறகு இல்லை.

இனி விஷயம். நிலத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கிறோம், ஒவ்வொரு துண்டிலும் சிமெண்டும் தாரும் எத்தனை விழுக்காடு, சரிவு எவ்வளவு என்று கொடுத்தால், மழையில் மண் குடித்தது போக மிச்சம் எந்த லோங்காங்குக்கு எத்தனை நிமிடத்தில் வருகிறது என்று சொல்லும். மழைப் பதிவு ஐந்து நிமிட இடைவெளியில் வேண்டும். நான் முதலில் மணிக் கணக்கில் போட்டேன். நம் ஊர் மாலை மழை இருபது நிமிடத்தில் கொட்டித் தீர்ப்பதை அறுபது நிமிடத்துக்குப் பரப்பியதில் உச்சம் பாதியாகிவிட்டது.

அதைச் சரிசெய்தும் எங்கேயும் வெள்ளம் காட்டவில்லை. ஆனால் நிஜத்தில் கடைசி வரிசை வீடுகளில் தண்ணீர் முட்டி அளவு நின்றிருந்தது. அங்கே ஓர் அக்கா சொன்னது: "தம்பி, மழை விட்டு அரைமணி நேரம் கழிச்சுத்தான்பா தண்ணி ஏறுச்சு." அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் மேலிருந்து வரவில்லை, போக இடமில்லாமல் பின்னால் ஏறியிருக்கிறது. ஓட்டத்தைக் கணக்கிட ஸ்விம்மில் உள்ள முறைகளில் நான் தேர்ந்தெடுத்திருந்தது கைனமாட்டிக் வேவ், அதற்குத் தண்ணீர் எதிர்த்து வரும் என்பதே தெரியாது. பின்னால் ஏறுவதையும் கணக்கிடும் டைனமிக் வேவுக்கு மாற்றி, வடிகால் கடலில் சேரும் கடைசி வாயில் கடல் ஏறி இறங்கும் அட்டவணையைக் கொடுத்ததும், அக்கா வீட்டு வாசல் சந்திப்பு அவர் சொன்ன நேரத்தை ஒட்டியே சிவப்பானது. இந்த ஒன்றுக்காகவே நாலு நட்சத்திரம். தண்ணீர்மலையிலிருந்தும் ஆயர் ஈத்தாமிலிருந்தும் இறங்குவதெல்லாம் சுங்கை பினாங் வழியாகக் கடலுக்குப் போகிற ஊரில், கடலை விட்டுவிட்டுக் கணக்குப் போட்டால் அது கணக்கே இல்லை.

நீரின் தரம் வேறு கதை. மழையில்லாத நாட்களில் தரையில் அழுக்கு சேருவதற்கு ஒரு சூத்திரம், மழை அதைக் கழுவிக்கொண்டு போவதற்கு ஒரு சூத்திரம். யோசனை நல்லதுதான். ஆனால் அதில் போடும் எண்களை யார் தருவது? சராசரிச் செறிவு என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் மழை முழுக்க ஒரே அழுக்கு. நான் குடையோடு நின்று போத்தலில் பிடித்தபோது, முதல் பத்து நிமிடம் பாலில்லாத கோப்பி ஓ மாதிரி, அரைமணியில் பால் தேநீர் மாதிரி, அப்புறம் கிட்டத்தட்டத் தெளிவு. சேர்த்துக் கழுவும் முறையில் அந்த இறக்கம் வரும், ஆனால் போத்தல் பிடிக்காமல் ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பாமல் அதைச் சரிபார்க்க முடியாது. சாப்பாட்டுக் கடை வரிசையில் தினமும் இரவில் தட்டு கழுவும் எண்ணெய்த் தண்ணீருக்கு மழையே வேண்டாம், அதை மழையில்லா நேர ஓட்டமாகத் தனியே சேர்க்க வேண்டியிருந்தது.

பிளாஸ்டிக் பை, மெத்தை, தேங்காய் மட்டை எல்லாம் இதன் கண்ணுக்குத் தெரியாது. மலேசிய வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் மஸ்மா என்ற மழைநீர் மேலாண்மைக் கையேடு, 2012 பதிப்பு, மிதக்கும் குப்பையில் 90 விழுக்காட்டையும் தண்ணீரில் கலங்கி வரும் மண்துகளில் 80 விழுக்காட்டையும் குறைக்கச் சொல்கிறது. இரண்டாவதுக்கு ஸ்விம்மில் கணக்குக் காட்டலாம், முதலாவதுக்குக் குப்பை பிடிக்கும் பொறிக்கூடை விற்பவரைத்தான் கேட்க வேண்டும்.

முதல் தடவை ஓட்டுபவர்கள் வண்ணப் படத்தைப் பார்த்து மயங்காமல் முடிவறிக்கையில் தொடர்ச்சிப் பிழையை, அதாவது உள்ளே வந்த தண்ணீரும் வெளியே போனதும் தேங்கியதும் எவ்வளவு ஒத்துப்போகவில்லை என்பதைப் பாருங்கள், என்னுடையது டைனமிக் வேவுக்கு மாறிய முதல் ஓட்டத்தில் 14 விழுக்காடு காட்டியது. திரும்ப வரைந்ததில் ஒரு லோங்காங்கின் சரிவைத் தலைகீழாகப் போட்டிருந்தேன்.