அலமாரிக்குள் புழுங்கிய ஃபிரிட்ஜ்: சிங்கப்பூர் பயணத்தில் பார்த்த ரிப்பேர்

ஃபிரிட்ஜுக்குள் வைத்த இட்லி மாவு ராத்திரியோடு ராத்திரியாகப் பொங்கி, டப்பா மூடியைத் தள்ளிக்கொண்டு கண்ணாடித் தட்டில் வழிந்திருந்தது. மாவு அப்படிப் பொங்கினால் குளிர் போய்விட்டது என்று தெர்மாமீட்டர் இல்லாமலே சொல்லிவிடலாம். சிங்கப்பூர் யீஷுனில் அம்மாவின் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு, ரினோவேஷன் முடிந்த புதுச் சமையலறை, அலமாரியோடு அலமாரியாக மறைத்துப் பொருத்திய 178 செ.மீ. உயர பில்ட்-இன் ஃபிரிட்ஜ். ஃப்ரீசரில் ஐஸ்கட்டி ஓரம் கரைந்திருந்தது. உள்விளக்கு மட்டும் பளிச்சென்று எரிந்தது.

வாட்ஸ்அப்பில் செய்தி போட்டதும் சாயங்காலமே டெக்னீஷியன் வந்து நின்றார். நான் இருக்கும் மெல்பர்னில் இதே வேலைக்கு நாள் கேட்டுக் காத்திருக்க வேண்டும். ஊரின் இந்த வேகம் இன்னும் குறையவில்லை. ஆனால் வந்தவர் செய்ததென்ன? கதவைத் திறந்தார், உள்சுவரைத் தொட்டார், பின்னால் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதும் தீர்ப்பைச் சொல்லிவிட்டார்: "கேஸ் போச்சுங்க, கம்ப்ரசரும் வீக். பில்ட்-இன்ல கை வைக்கிறது வேஸ்ட், புதுசு வாங்கிடுங்க." பெட்டியை ஓர் அங்குலம் கூட வெளியே இழுக்கவில்லை. சோதனைக் கட்டணம் மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

இதைத்தான் பொறுக்க முடியவில்லை. கேஸ், அதாவது குளிரூட்டும் வாயு, பெட்ரோல் மாதிரி ஓட ஓடத் தீர்கிற பொருளல்ல. பற்றவைத்து மூடிய குழாய்க்குள் சுற்றுவது; ஓட்டை விழுந்தால்தான் குறையும். கேஸ் குறைந்ததா என்பதை ஃப்ரீசரின் உள்பலகையைக் கழற்றி எவாப்பரேட்டரில் (குளிர் உண்டாக்கும் குழாய்ச்சுருளில்) உறைபனி படிந்திருக்கும் விதத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கேஸ் நுழையும் முனையில் மட்டும் ஒரு கையளவு பனி, மற்ற இடம் வெறுமை என்றால் கேஸ் குறைவு, அல்லது கேப்பிலரி என்ற மெல்லிய குழாயில் அடைப்பு. சுருள் முழுக்கச் சுவர்போலப் பனி இறுகியிருந்தால் கேஸ் சரியாக இருக்கிறது, பனியைக் கரைக்கும் டீஃப்ராஸ்ட் அமைப்புதான் கெட்டிருக்கிறது. பலகையைக் கழற்றாமல் கேஸ் என்று சொல்வது குருட்டு யூகம்.

இன்னொன்று. இப்போதைய வீட்டு ஃபிரிட்ஜ்களில் பெரும்பாலும் இருப்பது ஆர்600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். எரியக்கூடியது. வீட்டு ஃபிரிட்ஜ் முழுவதற்கும் தேவைப்படுவது 150 கிராமுக்குள்தான். இதில் "கொஞ்சம் டாப்-அப் பண்ணிவிடறேன்" என்ற பேச்சுக்கே இடமில்லை. ஓட்டையைக் கண்டுபிடித்து அடைத்து, ஈரத்தை உறிஞ்சும் ஃபில்டர் டிரையரை மாற்றி, குழாயிலுள்ள காற்றை உறிஞ்சி வாக்குவம் போட்டு, ஃபிரிட்ஜின் விவரப் பிளேட்டில் அச்சிட்ட எடையை டிஜிட்டல் தராசில் அளந்து ஏற்ற வேண்டும். இந்த கேஸின் லோ சைடு (குறைந்த அழுத்தப் பக்கம்) ஓடும்போது வெளிக்காற்றைவிடக் குறைந்த அழுத்தத்துக்குப் போகக்கூடியது. அந்தப் பக்கம் ஓட்டை என்றால் கேஸ் வெளியே வருவதற்குப் பதில் காற்றும் ஈரமும் உள்ளே இழுக்கப்படும். அந்த நிலையில் டாப்-அப் செய்தால் கம்ப்ரசர் சீக்கிரமே சாகும். அடுக்களையில் நெருப்பு வைத்துக் குழாயை ஒட்ட வருகிறவரைத் தடுத்து, நெருப்பில்லாமல் வளையத்தை இறுக்கிப் பொருத்தும் லோக்ரிங் இணைப்பு போடச் சொல்லுங்கள்.

இரண்டாவதாக வந்தவர் தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் பட்டறை வைத்திருக்கும் பெரியவர். முதலில் மெயின் பெட்டியில் சமையலறை பிரேக்கரை இறக்கினார், ஏனென்றால் பிளக் ஃபிரிட்ஜுக்கு நேர் பின்னால் மாட்டிக்கொண்டிருந்தது. (சாக்கெட் எப்போதும் பக்கத்து அலமாரிக்குள் இருக்க வேண்டும். இதைக் கூடக் கவனிக்காத ரினோவேஷன்காரர்களை என்ன சொல்வது.) பக்கவாட்டுத் திருகுகளையும் மேல் பிராக்கெட்டையும் கழற்றி, தரையில் அட்டை விரித்து, பெட்டியைச் சாய்க்காமல் நேராக இழுத்தார். பின்னாலிருந்து அடித்த அனல் முகத்தில் பட்டது. அணைப்பதற்கு முன்பே இடுக்கில் விட்டிருந்த தெர்மாமீட்டர் புரோப் 47 டிகிரி காட்டியது. சமையலறையில் 31.

"அக்கா, கேஸெல்லாம் போகல. இது மூச்சு விட எடமே இல்ல, அதான்," என்றார் அம்மாவிடம்.

அதுதான் விஷயம். அடிப்பலகை தரையோடு சிலிக்கான் பூசி அடைக்கப்பட்டிருந்தது. கரப்பான் வராது, தரை கழுவினால் தண்ணீர் போகாது என்று கார்பெண்டர் செய்த வேலை. மேலே ஃபால்ஸ் சீலிங் வரை பலகை அடித்து மூடிவிட்டார். சூட்டை வெளியே விடும் கண்டென்சர் பின்னால் நிற்கும் மாடல்களில் குளிர்ந்த காற்று அடியில் நுழைந்து, சூடேறி, முதுகு வழியாக ஏறி, மேலே வெளியேற வேண்டும். பல ஐரோப்பிய மாடல்களின் கையேட்டில் நுழைவுக்கும் வெளியேற்றத்துக்கும் குறைந்தது 200 சதுர செ.மீ. திறப்பு கேட்டிருப்பார்கள். பிளேட்டில் எந்தச் சுற்றுச்சூட்டுக்கு ஏற்றது என்று காட்டும் எழுத்து 'டி' வகுப்பு என்று போட்டிருந்தாலும் அது 43 டிகிரி வரைக்கும்தான்; 'எஸ்டி' என்றால் 38, 'என்' என்றால் 32. மெல்பர்ன் குளிர்காலத்தில் இதே தவறோடு ஒரு பெட்டி சத்தமில்லாமல் ஓடிவிடலாம். சிங்கப்பூரில் வருஷம் முழுக்க வெயில்காலம்.

பழைய ஒற்றைக்கதவு ஐஸ் பெட்டியை நினைத்துப் பாருங்கள். கறுப்புக் கம்பிவலை முதுகில் திறந்து கிடக்கும், ஜன்னல் காற்று அதில் பட்டுக்கொண்டே இருக்கும். கரங்குனிக்காரர் (பழைய சாமான் வாங்குகிறவர்) வந்து தூக்கிப் போகும் நாளிலும் அது குளிர்ந்துகொண்டுதான் இருந்தது!

அந்த 'டக்' சத்தத்துக்கும் விடை கிடைத்தது. சூடு தாங்காமல் ஓவர்லோடு என்ற பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்துகிறது, ஆறியதும் மறுபடி விடுகிறது. பெரியவர் கம்ப்ரசரைக் கிளப்பும் ரிலேயையும் கழற்றிக் காதருகே குலுக்கினார். உள்ளே பீங்கான் வில்லை உடைந்திருந்தால் கலகலக்கும், கருகல் வாடை வரும். இரண்டும் இல்லை. இன்வெர்ட்டர் கம்ப்ரசரில் இந்த ரிலே இருக்காது, அங்கே போர்டைத்தான் பார்க்க வேண்டும். பல்லி ஏறிச் செத்து போர்டு போவது இந்த ஊரில் சகஜம்.

அடிப்பலகையில் 50 செ.மீ. நீளம், 8 செ.மீ. உயரத்துக்கு வெட்டினார். 200-க்கு 4 செ.மீ. போதுமே என்று தோன்றும். கிரில்லின் பட்டைகள் பாதியை மறைத்துவிடும், திறந்திருக்கும் இடுக்கை மட்டுமே கணக்கில் எடுக்க வேண்டும். கரப்பானுக்கு ஸ்டீல் வலை வைத்தார்; அதில் எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் சேரும், மாதம் ஒருமுறை பிரஷ் போட வேண்டும். மேல் பலகையைக் கழற்றி, அலமாரி முதுகில் 4 செ.மீ. வழி விட்டார்.

கதவிலும் கோளாறு இருந்தது. மரக்கதவை ஃபிரிட்ஜ் கதவோடு இணைக்கும் ஸ்லைடர் இறங்கி, மரம் முதலில் முட்டியதால் ரப்பர் கீழ்மூலையில் ஒட்டவில்லை. ரசீதுத் தாளைக் கதவிடுக்கில் வைத்து இழுத்தால் தெரிந்துவிடும்: பிடிப்பு இருக்க வேண்டும், அங்கே தாள் வழுக்கி வந்தது. ஈரக்காற்று அந்த வழியாகப் போய்ப் பனியாகும். பனியைக் கத்தியால் சுரண்டவே கூடாது, அலுமினியக் குழாய் கிழிந்து நிஜமாகவே கேஸ் போய்விடும். கரண்டை நிறுத்திக் கதவைத் திறந்துவைத்து, அடியில் துண்டு விரித்து, தானாகக் கரைய விட்டார்.

மறுநாள் நடுத்தட்டில் தண்ணீர் டம்ளருக்குள் வைத்த தெர்மாமீட்டர் 4 டிகிரி, ஃப்ரீசர் மைனஸ் 18. முதுகுப் பக்கம் 36. கம்ப்ரசர் ஓடி, நின்று, ஓய்வெடுத்தது.

ஃப்ரீசர் நன்றாக இருந்து கீழ்ப்பகுதி மட்டும் சூடானால் கதை வேறு: விசிறி, குளிர்காற்றைக் கீழே விடும் டேம்பர், அல்லது டீஃப்ராஸ்ட். 230 வோல்ட்டில் 150 வாட் டீஃப்ராஸ்ட் ஹீட்டர் மீட்டரில் சுமார் 350 ஓம் காட்ட வேண்டும். மீட்டர் எல்லையில்லாத் தடை (ஓபன்) காட்டினால் ஹீட்டர் போச்சு. அந்த ஹீட்டருக்குக் கரண்ட் விடும் பைமெட்டல் தெர்மோஸ்டாட்டை மட்டும் அறைச் சூட்டில் சோதிக்க விடாதீர்கள். பூஜ்யத்துக்குக் கீழே குளிர்ந்தால்தான் அது இணையும். வெளியே எடுத்துச் சோதித்து "கெட்டுப்போச்சு" என்று நல்ல பாகத்தைத் தூக்கிப் போடுகிறவர்கள் உண்டு. ஐஸில் உப்புப் போட்டு அதில் கொஞ்ச நேரம் வைத்துவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் வந்தவரின் நிறுவனம் புது ஃபிரிட்ஜுக்கு அனுப்பிய விலைப்பட்டியலில் பழையதை அப்புறப்படுத்தத் தனிக் கட்டணம் போட்டிருந்தது. மின்கழிவுச் சட்டத்தின் கீழ் 2021 ஜூலை முதல், புதியது கொண்டுவரும் விற்பனையாளர் அதே வகைப் பழையதை ஒன்றுக்கு ஒன்றாக இலவசமாக எடுத்துச் செல்ல வேண்டும். அலமாரியைப் பிரிக்கிற தச்சு வேலை அதில் சேராது, அதற்குத் தனியே பேசிக்கொள்ளலாம். பட்டியலில் அந்தக் கட்டண வரியைப் பார்த்தால் நீக்கச் சொல்லிவிட்டு அப்புறம் பணம் கட்டுங்கள்.