கார் நெல்லின் பச்சைக்கு எந்த பிலிம்?

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜில் முட்டைத் தட்டில் முட்டை கிடையாது. எக்டார் மூன்று, போர்ட்ரா இரண்டு, கோல்ட் ஒன்று, வெல்வியா ஒன்று என்று ஏழு ரோல் கேமரா பிலிம் குளிரில் உட்கார்ந்திருக்கின்றன. இதுபற்றி வீட்டில் என்ன பேச்சு நடக்கிறது என்பதை எழுத ஆரம்பித்தால் விமர்சனம் வேறு பக்கம் போய்விடும்.

எங்கள் பக்கத்து நெல் பருவங்களில் ஒரு கார், ஒரு பிசானம், நடுவில் ஒரு கோடை. ஏறக்குறைய ஒரு வருடம் ஒரே இடத்தில் நின்று ஐந்து கலர் பிலிம்களைப் போட்டுப் பார்த்தேன். இடம், கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு போகும் ரோட்டில் ஒரு கால்வாய்ப் பாலம். மேற்கே பார்த்தால் வயல், வயலுக்கு அப்பால் வாழை, வாழைக்கு அப்பால் மலை. கேமரா என் தாய்மாமாவின் நிக்கான் எஃப்எம்2. 28, 50 என்று இரண்டு லென்ஸ். இரண்டுக்கும் 52 மில்லிமீட்டர் ஃபில்டர்தான் என்பதால் ஒரே கண்ணாடியை மாற்றி மாற்றி மாட்டிக்கொள்ளலாம்.

மாமா அம்பாசமுத்திரத்தில் ஸ்டுடியோ வைத்திருந்தவர். லீவு நாட்களில் நான் அங்கேதான் கிடப்பேன். ஒருநாள் கல்யாணப் பிரிண்ட் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "ஏல மருமவனே, செவப்பு ஏமாத்தாது, பச்சதான் ஏமாத்தும். மாப்பிள்ளை அக்கா சேலையும் வாசல்ல கட்டின வாழையும் ஒரே பச்சையா வந்திருக்கு பாரு." அதனால் பிலிமைப் பார்க்கும்போது நான் முதலில் பார்ப்பது பச்சையை. கார் பருவத்தில் அந்தப் பாலத்திலிருந்து நாலு பச்சை தெரியும். நாற்றங்காலின் கிளிப்பச்சை, நட்டு ஒரு மாதமான பயிரின் கரும்பச்சை, வாழையின் மஞ்சள் கலந்த பச்சை, மலையின் நீலம் கலந்த பச்சை. நாலையும் நாலாகவே காட்டும் பிலிம் எது? எனக்கு வேண்டியது அவ்வளவுதான். வானம் சிவக்கிறதா, மேகம் மிரட்டுகிறதா என்பதெல்லாம் பிறகு.

கோடக் கோல்ட் 200 இந்தப் பரீட்சையில் முதல் கேள்வியிலேயே தோற்றது. எல்லாவற்றிலும் ஒரு கை மஞ்சள் அள்ளிப் போடும். காலை ஏழு மணிக்கு நாற்றங்கால் மட்டும் ஃபிரேமில் இருந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் வாழையும் பயிரும் ஒட்டிக்கொள்கின்றன, மலையின் நீலம் கழன்று புகை மூட்டம் போல நிற்கிறது. படத்தில் பொடிப் புள்ளியாகத் தெரியும் மணியும் சற்றுப் பெரிது. இருந்தாலும் ஐந்தில் விலை குறைவு இதுதான். திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஆச்சியை எடுக்க இதைவிட நல்ல பிலிம் நான் பார்க்கவில்லை.

எக்டார் 100 வேறு சாதி. 2008-இல் வந்தது. கலர் நெகட்டிவில் இவ்வளவு பொடி மணி வேறெதிலும் இல்லை என்பது கோடக்கின் பெருமை, ஸ்கேனில் பார்த்தால் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டியிருக்கிறது. நெல்லின் தோகையைத் தனித்தனியாக எண்ணலாம். பிசானத்தில், மழை விட்டு வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும் நாட்களில், வெயிலில் எடுத்தால் அபாரம். நிழலில்தான் சிக்கல். எங்கள் பக்கம் மலை மேற்கே இருப்பதால் மற்ற ஊர்களுக்கு முன்பே எங்களுக்குச் சூரியன் மறைந்துவிடும். வயல் மேல் மலை நிழல் விழுந்தபின் அங்கே இருப்பது வானத்திலிருந்து இறங்கும் நீல வெளிச்சம் மட்டும்தான். நம் கண் அதைச் சரிசெய்து பச்சை என்றே பார்க்கிறது. எக்டார் பார்ப்பதில்லை. அரை ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி) குறைத்து எடுத்துவிட்டால் பயிர் மயில்கழுத்து நிறத்துக்குப் போகிறது. வெளிச்சம் அளக்கும் மீட்டரைச் சரியாகப் பார்க்கிறவர்களுக்கான பிலிம் இது. அவசரக்காரர்களுக்கு ஆகாது.

எக்டாரின் உண்மையான ஊர் எங்கள் ஊர் இல்லை, தேரிக்காடு. கோடையில் பைக்கில் திருச்செந்தூர் பக்கம் போய் அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலைச் சுற்றியுள்ள செம்மணலில் ஒரு ரோல் முழுக்க எடுத்தேன். இரும்புத்துரு ஏறிய மணல், மேலே பனை, அதற்கு மேலே வெள்ளை வெயில். கோல்ட் அந்த மணலைக் காவியாக்கியது. வெல்வியா குங்குமமாக்கியது. எக்டாரில் மட்டும் மணல் மணலாக இருந்தது. காற்று இழுத்த வரிகளின் நிழல்கூட மணல் நிறத்திலேயே நின்றது.

வெல்வியா 50 பற்றிச் சொல்லாமல் இயற்கைக்காட்சி பிலிம் பற்றிப் பேசினால் அடிக்க வருவார்கள். ஃபூஜி 1990-இல் கொண்டுவந்த ஸ்லைடு பிலிம், அதாவது நெகட்டிவாக இல்லாமல் நேர் நிறத்திலேயே படம் வரும் பிலிம். உலகம் முழுக்க மலையும் அருவியும் எடுத்தவர்கள் இதைத் தூக்கிக்கொண்டுதான் அலைந்தார்கள். நடுவில் நிறுத்தி, கேட்டவர்கள் தொல்லை தாங்காமல் 2007-இல் மறுபடி கொண்டுவந்தார்கள். லைட் பாக்ஸ் மேல் வைத்து லூப் என்ற உருப்பெருக்கிக் கண்ணாடியில் முதல் ஸ்லைடைப் பார்த்தபோது எனக்கு வாயடைத்துப் போனது உண்மை. இரண்டாவது நாள் மறுபடி பார்த்தேன். அது கார் நெல் இல்லை. கல்யாண வீட்டு வாசலில் கட்டிய பிளாஸ்டிக் தோரணம். நாற்றின் கிளிப்பச்சையும் பயிரின் கரும்பச்சையும் போட்டி போட்டுக்கொண்டு ஒன்றாகிவிட்டிருந்தன. இந்த பிலிமைக் கொண்டாடிய படங்களில் பெரும்பாலும் பனியும் பாறையும் மங்கிய வெளிச்சமும் இருக்கும். அங்கே நிறத்தைக் கொஞ்சம் ஏற்றிக் கொடுக்க ஆள் தேவை. ஆனி மாதத்து வயலில் நிறம் ஏற்கனவே வழிந்துகொண்டிருக்கிறது. அதில் இதையும் ஊற்றினால் பாயசத்தில் சீனிப்பாகு ஊற்றிய கதைதான்.

வெல்வியாவுக்கு நான் மதிப்புக் கொடுக்கும் நேரம் ஒன்று உண்டு. சாரல் நாள், சூரியனே இல்லை, மலை பாதி மேகத்துக்குள். அப்போது இது காட்டும் ஈரப் பச்சையை வேறு பிலிமில் நான் பார்த்ததில்லை. ஆனால் வெளிச்சம் குறைந்து நாலு விநாடி, எட்டு விநாடி என்று போக ஆரம்பித்தால் பிலிமின் வேகம், அதாவது வெளிச்சத்தை வாங்கும் திறன், குறையும், நிறமும் சாயும். நாலு விநாடிக்கு மூன்றில் ஒரு ஸ்டாப், 32 விநாடிக்கு ஒரு ஸ்டாப் கூட்டிக் கொடுக்கச் சொல்லி ஃபூஜி போட்ட அட்டவணையிலேயே இருக்கிறது. கூடவே மெஜந்தா ஃபில்டரும் போடச் சொல்கிறார்கள். அருவித் தண்ணீரைப் பட்டு மாதிரி எடுக்கிறேன் என்று நீண்ட நேரம் திறந்து வைப்பவர்கள் கவனிக்கவேண்டிய விஷயம்.

எக்டாகுரோம் இ100-ஐ கோடக் நிறுத்திவிட்டு 2018-இல் திரும்பக் கொண்டுவந்தது. நேர்மையான பிலிம். வெள்ளை மேகம் வெள்ளையாகவே இருக்கும், நீலம் சுத்தம். பச்சை நாலில் மூன்று பிரிந்து வந்தது. ஆனால் எந்த ஸ்லைடாக இருந்தாலும் வெளிச்சத்துக்கும் நிழலுக்கும் ஐந்து ஸ்டாப் இடைவெளி தாண்டினால் கைவிட்டுவிடும். எங்கள் வெயிலில் வாழைத்தோப்பின் உள்பக்கம் தார் பூசியதுபோல் வந்தது. கழுவுகிற பிரச்சினை வேறு. சி-41 முறையில் நெகட்டிவ் கழுவ இன்னமும் ஆள் கிடைக்கிறார்கள். ஸ்லைடுக்கான இ-6 முறையில் கழுவ எனக்கு வெளியூருக்குக் கூரியர் போட்டாக வேண்டும். ஒரு லேபில் என் இ100 ரோலை நெகட்டிவ் கெமிக்கலில் முக்கி எடுத்து அனுப்பிவிட்டார்கள். மேலட்டையில் சிவப்பு மையில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தேன். 36 படமும் நிறம் திரிந்து, யாரோ காய்ச்சலில் கண்ட கனவு மாதிரி வந்து சேர்ந்தது. போன் செய்தால், "இப்ப இதான் சார் ஃபேஷன்" என்றார் அந்தப் பையன். பெயரைச் சொல்லி என்ன ஆகப்போகிறது.

கடைசியாக போர்ட்ரா 160. போர்ட்ரெய்ட், அதாவது முகம் எடுக்க என்று செய்த பிலிம். பெயரிலேயே இருக்கிறது. இதை வயலுக்கு எடுத்துப் போனதே ஒரு தற்செயல்தான், மருமகள் வளைகாப்பில் மிச்சமான பன்னிரண்டு படம். அந்தப் பன்னிரண்டில்தான் நாலு பச்சையும் நாலாக நின்றன. முகத்தில் கன்னத்துக்கும் நெற்றிக்கும் உள்ள சின்ன வித்தியாசத்தைக் காட்டத் தெரிந்த பிலிமுக்கு, நாற்றுக்கும் பயிருக்கும் உள்ள வித்தியாசம் தெரியாமலா போகும்? பெட்டியில் வேகம் 160 என்றிருந்தாலும் மீட்டரை 80-இல் வைத்து ஒரு ஸ்டாப் தாராளமாகக் கொடுக்கிறேன். மதிய வெயிலிலும் வாழைக்குள் இருட்டு அடைவதில்லை. ஒரே குறை, மேகம் மூடிய நாளில் பலமுறை வெளுத்த வேட்டி மாதிரி சப்பென்று இருக்கும். அந்த நாளுக்குத்தான் ஃபிரிட்ஜில் ஒரே ஒரு வெல்வியா.

ஃபில்டருக்கு வருகிறேன். யூவி, ஸ்கைலைட் இரண்டையும் ஒரே வரியில் முடித்துவிடலாம்: கொடைக்கானல் உயரத்தில் தூரத்து நீலப் புகையைக் கொஞ்சம் குறைக்கும், எங்கள் வயலில் லென்ஸுக்குத் தூசி மறைப்பு.

81ஏ, 81பி என்று தேன் நிறத்தில் வரும் சூடேற்றும் ஃபில்டர்கள் விஷயத்தில் பலர் காசை வீணாக்குகிறார்கள். ஸ்லைடில் போட்டால் போட்ட நிறம் அப்படியே நிற்கும். நெகட்டிவில் போட்டால், ஸ்கேன் செய்கிற மெஷின் "என்ன இது மஞ்சளா இருக்கே" என்று தானே சரிசெய்து, நீங்கள் கொடுத்த காசைத் துடைத்து எறிந்துவிடும். எக்டார், மலை நிழல், மாலை நேரம் என்ற ஒரே கூட்டணிக்கு மட்டும் 81பி வைத்திருக்கிறேன். அங்கே நீலத்தைப் பிலிமுக்குள் போகுமுன்பே குறைத்துவிடுவது, பிறகு கம்ப்யூட்டரில் மல்லுக்கட்டுவதைவிட நல்லது.

திருப்பித் திருப்பி மினுக்கத்தையும் வானத்தின் வெளிச்சத்தையும் குறைக்கும் போலரைசர் ஃபில்டரைத்தான் விரிவாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் கடைக்காரர் சொல்வது எங்கள் ஊருக்குப் பொருந்தவில்லை. "மாட்டுங்க சார், வானம் கருநீலம் ஆயிரும்" என்பார். சூரியனுக்குத் தொண்ணூறு டிகிரியில் இருக்கும் வானம்தான் கறுக்கும். சுட்டுவிரலைச் சூரியன் பக்கம் நீட்டி, கட்டைவிரலை விரித்து, மணிக்கட்டைச் சுழற்றிப் பாருங்கள். கட்டைவிரல் காட்டும் இடமெல்லாம் அந்த வானம். என் பாலத்தில் மலை மேற்கே. காலையில் சூரியன் என் முதுகுக்குப் பின்னால், மாலையில் மலைக்குப் பின்னால். இரண்டு வேளையும் மலைமேல் வானத்தில் போலரைசர் ஒன்றும் செய்யாது. சூரியன் உச்சியில் நிற்கும் நேரத்தில்தான் அடிவானம் முழுக்கத் தொண்ணூறு டிகிரி. சித்திரையிலும் ஆவணியிலும் எங்கள் தலைக்கு நேர் மேலேயே வரும். படம் எடுக்கவே கூடாது என்று எல்லோரும் சொல்லும் உச்சிப்பொழுதில்தான் எங்கள் மலைக்கு மேல் வானம் கறுக்கிறது. போர்ட்ராவோடு அந்த நேரத்தில் போலரைசர் போட்டு எடுத்த படம் ஒன்று இப்போது வீட்டு ஹாலில் மாட்டியிருக்கிறது.

மற்ற நேரத்தில் அது பார்க்கும் வேலை இலையில். மழைக்குப் பிறகு ஒவ்வொரு தோகையும் வானத்தின் வெள்ளையைப் பூசிக்கொண்டு மினுங்கும். போலரைசரைத் திருப்பினால் அந்த மினுக்கம் கழன்று, அடியில் இருக்கும் சொந்தப் பச்சை வெளிவரும். கம்ப்யூட்டரில் இதைச் செய்ய முடியாது. ஒன்றரை, இரண்டு ஸ்டாப் வெளிச்சம் போகும், ஸ்டாண்டு கட்டாயம். ஆனால் நடவுக்குத் தண்ணீர் கட்டிய வயலில் கழற்றிவிடுங்கள். தண்ணீரில் கிடக்கும் மலையைத் துடைத்துவிட்டுச் சேற்றைக் காட்டும். வானவில்லையும் அது விழுங்கும். மணிமுத்தாறு அணைக்கு மேல் வந்த ஒன்றை நான் பரபரப்பில் சுழற்றிச் சுழற்றி, கண்ணெதிரே காணாமல் போக்கியிருக்கிறேன். சரியான கோணத்தில் நிறுத்தியிருந்தால் இன்னும் அழுத்தமாகத் தெரிந்திருக்கும் என்பது வீட்டுக்கு வந்தபின் உறைத்தது.

மாமாவின் பெட்டியில் கிடந்தது பழைய லீனியர் போலரைசர். எஃப்எம்2-க்கு அது போதும், மீட்டர் ஏமாறவில்லை. ஆட்டோஃபோகஸ் கேமரா வைத்திருப்பவர்கள் சர்க்குலர் என்று எழுதியிருப்பதைப் பார்த்து வாங்கவேண்டும்.

அதே பெட்டியில் மேல்பாதி காப்பி நிறத்தில் ஒரு கண்ணாடியும் இருந்தது. ஒரு காலத்து சினிமாப் பாட்டுகளில் நாயகி புல்லில் ஓடுவாள், வானம் மட்டும் டிகிரி காப்பியாக இருக்கும், அந்த உபயம்தான். சிரிக்க மட்டும் வைத்திருக்கிறேன். சாம்பல் கிராஜுவேட்டட் ஃபில்டர் அப்படியில்லை. மேலே மூன்று ஸ்டாப் இருட்டு, கீழே வெறும் கண்ணாடி. மாலையில் வானத்தையும் நிழல் விழுந்த வயலையும் ஒரே ஸ்லைடில் அடக்க இதைவிட்டால் வழியில்லை. கோடு பட்டென்று மாறுவதை வாங்காதீர்கள், அது கடலுக்கு. மலை மேலும் கீழுமாகப் போகும் இடத்தில் மெதுவாகக் கரைவதுதான் சரி. லென்ஸின் துவாரத்தைப் படம் எடுக்கும் அளவுக்குச் சுருக்கி, பார்த்துக்கொண்டே ஃபில்டரை இறக்கினால் கோடு எங்கே விழுகிறதென்று தெரியும். போர்ட்ராவுக்கு இது அவசியமே இல்லை. அந்த வானத்தை அது தானாகவே தாங்கிக்கொள்கிறது.

வரும் ஆனிக்குப் பையில் போர்ட்ரா இரண்டும் போலரைசரும் போகின்றன. எக்டார் மூன்றும் தேரிக்கு. கோல்டை ஆச்சிக்கு ஒதுக்கிவிட்டேன். வெல்வியா சாரலுக்குக் காத்திருக்கட்டும். முட்டைத் தட்டில் ஆறு குழி காலியாகும் என்று வீட்டில் தகவல் சொல்லியாகிவிட்டது.