ஒளிப்படத்துக்குள் ஒரு மனித உருவம்: பிளெண்டர் மென்பொருள் மதிப்புரை

கணினியில் உருவாக்கிய மனித உருவத்தை ஓர் ஒளிப்படப் பின்னணியில் நிறுத்தும்போது, பார்ப்பவரின் கண் முதலில் முகத்துக்குத்தான் போகிறது. ஆனால் பல படங்களில் குட்டை உடைப்பது பாதம். பாதம் தரையைத் தொடும் இடத்தில் விழவேண்டிய அந்தக் கருநிழல் சரியாக அமையாவிட்டால், தோலின் துளைகள் வரை நுணுக்கமாகச் செய்திருந்தாலும் உருவம் தரையில் நிற்காமல் மிதக்கும். ஆகவே முப்பரிமாண உருவங்களையும் காட்சிகளையும் உருவாக்கும் பிளெண்டரை நான் முதன்மையாக இந்த ஒரு கோணத்தில்தான் பார்க்கிறேன். பயன்படுத்தியது 4.2 பதிப்பு; ரெண்டர் எஞ்சின், அதாவது காட்சியைக் கணக்கிட்டு இறுதிப் படமாக்கும் பகுதி, சைக்கிள்ஸ்.

2002ஆம் ஆண்டில் பயனர்களிடம் 1,00,000 யூரோ திரட்டி மூலநிரலை விடுவித்த காலத்திலிருந்து பிளெண்டர் கட்டற்ற மென்பொருளாகவே இருந்துவருகிறது. உரிமக் கட்டணம் கிடையாது. அதைக்கொண்டு செய்த படத்தை விற்கவும் தடையில்லை.

இதன் பெரும் பலம் ‘ஷேடோ கேட்சர்’ என்னும் வசதி. ஒளிப்படத்தில் தரை இருக்கும் இடத்தில் ஒரு சமதளத்தை வைத்து, அதன் பண்புகளில் இந்தத் தேர்வை இயக்கினால், தளம் மறைந்து அதன்மேல் விழும் நிழல் மட்டும் எஞ்சும். 2021 டிசம்பரில் வந்த 3.0 பதிப்பில் இது புதிதாக எழுதப்பட்டபின், நிழலோடு தெறிப்பொளியும், அதாவது ஒரு பரப்பில் பட்டு மற்றொன்றின்மேல் விழும் ஒளியும், கணக்கில் வருகிறது. சிவப்பு சிமெண்டுத் தரையுள்ள ஒரு திண்ணையின் படத்தில் வெள்ளைப் புடவை கட்டிய பெண்ணை நிறுத்துவதாகக் கொள்வோம். மறைந்திருக்கும் அந்தத் தளத்துக்குத் தரையின் சிவப்பையே நிறமாகக் கொடுத்தால், புடவையின் கீழ்க்கரையிலும் கணுக்காலிலும் மெல்லிய செம்மை படிகிறது. வேறு எந்த நகாசு வேலையும் தராத நம்பகத்தன்மையை அந்தச் செம்மை தருகிறது.

ஒரு நுட்பத்தை மட்டும் தவறவிடக் கூடாது. ரெண்டரான உருவத்தை, ஒரு படத்தின்மேல் மற்றொன்றை அடுக்கும் ‘ஆல்ஃபா ஓவர்’ நோடு (படத்தை மாற்றியமைக்கும் கட்டம்) வழியாகப் பின்னணிமேல் வைப்பது எளிது என்றாலும், அதில் வரும் நிழல் தோராயமானதே. ஷேடோ கேட்சர் பாஸை, அதாவது நிழல் விவரம் மட்டும் அடங்கிய படத்தை, தனியே எடுத்து, அதைப் பின்னணிப் படத்தோடு பெருக்கி, அதற்குப் பிறகு உருவத்தை மேலே வைத்தால்தான் நிழலின் நிறமும் தெறிப்பொளியும் முழுமையாக வருகின்றன. பிளெண்டரின் மற்றொரு ரெண்டர் எஞ்சினான ஈவி வேகமானதுதான். ஆனால் இந்த வசதி அதில் இல்லாததால் இவ்வேலைக்கு அதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

கேமராவைப் பொருத்துவதற்கு எஃப்ஸ்பை என்ற இலவசக் கருவி துணைநிற்கிறது. படத்திலுள்ள சுவர், தூண் போன்றவற்றின் நேர்க்கோடுகளைக் காட்டினால், அவை மறையும் புள்ளிகளிலிருந்து குவியத்தூரத்தையும் கோணத்தையும் அது கணித்துத் தரும். அதன்பின் அவசியம் செய்யவேண்டிய ஒரு சோதனை உண்டு. 1.5 மீட்டர் உயரத்தில் கேமராவை வைத்து எடுத்த படத்தில், சமதரையில் நிற்கும் எவரையும், அருகில் இருந்தாலும் தொலைவில் இருந்தாலும், தொடுவானக் கோடு அந்த 1.5 மீட்டர் உயரத்திலேயே வெட்டும். நம் உருவத்தை அக்கோடு இடுப்பில் வெட்டினால், உருவம் இராட்சத அளவில் இருக்கிறது அல்லது தரை தவறான உயரத்தில் இருக்கிறது என்று பொருள்.

ஒளிக்கு, ஓர் இடத்தின் ஒளி அளவுகளைப் பதிவுசெய்த எச்.டி.ஆர்.ஐ. படங்களே அடிப்படை. பாலி ஹேவன் தளத்தில் அவை எந்தக் கட்டுப்பாடும் இல்லாத சி.சி.0 உரிமத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. வெயில் படமாக இருந்தால் தனியாக ஒரு சூரிய விளக்கையும் சேர்ப்பது நல்லது. வானில் சூரியனின் அகலம் ஏறத்தாழ 0.53 டிகிரி; விளக்கின் கோணத்தையும் அதே அளவில் வைத்தால், நிழலின் விளிம்பு பாதத்தருகே கூர்மையாகவும் தலைப்பக்கம் செல்லச்செல்ல மங்கலாகவும் அமையும், நிஜத்தில் நடப்பதைப் போலவே.

குறை என்று நான் அழுத்திச் சொல்வது நிற மேலாண்மையை. 4.0 பதிப்பு முதல், கணக்கிட்ட ஒளி அளவுகளைத் திரைக்கேற்ற நிறங்களாக்கும் ஏஜிஎக்ஸ் என்னும் நிறமாற்றம் இயல்பாகவே இயங்குகிறது. முழுக்கக் கணினியில் செய்த காட்சிக்கு அது அருமையானது. பளிச்சிடும் இடங்களை வெளிறவிடாமல் காக்கிறது. ஆனால் பின்னணி ஒளிப்படமும் அதே மாற்றத்துக்குள் செல்வதால், படத்திலுள்ள வெள்ளைச் சுவர் சாம்பல் பூத்துவிடுகிறது. ‘ஸ்டாண்டர்ட்’ என்று மாற்றினால் ஒளிப்படம் மீள்கிறது, ஆனால் உருவத்தின் நெற்றியிலும் மூக்கிலும் வெளிச்சம் வெளுத்துப்போகிறது. உருவத்துக்கு மட்டும் தனியாக நிறமாற்றம் செய்ய நோடுகள் இருக்கின்றன. ஆனால் புதிதாக வருபவர் எவரும் அதைத் தாமாகக் கண்டுபிடிக்க முடியாது. ஒளிப்படத்தைப் பின்னணியாக வைப்பது இத்தனை பேர் செய்யும் வேலையாக இருக்கும்போது, அதற்கென ஒரே ஒரு பொத்தானாவது இருந்திருக்க வேண்டும்.

மனித உருவங்களைப் பொறுத்தவரை, பிளெண்டர் ஸ்டுடியோ இலவசமாக வழங்கும் அடிப்படை உடல் வார்ப்புகளில், கைகால்களை அசைக்க உதவும் எலும்புக்கட்டு இல்லை. மனித உருவங்களை உருவாக்கும் எம்.பி.எஃப்.பி. நீட்சியைச் சேர்த்துக்கொண்டால் வயது, உடல்வாகு எல்லாவற்றையும் மாற்றலாம், எலும்புக்கட்டும் கிடைக்கும்; தோலுக்கு மட்டும் நாம் உழைக்க வேண்டியிருக்கும்.

ரெண்டரில் இல்லாத, மணிமணியான புள்ளிகளாகத் தெரியும் இரைச்சல் ஒளிப்படத்தில் இருக்கும். அதை உருவத்துக்கு மட்டும் சேர்க்க வேண்டும்; முழுப்படத்துக்கும் சேர்த்தால் பின்னணியில் அது இரட்டிப்பாகும். உருவத்தின் விளிம்பையும் ஒரு பிக்சலுக்கும் குறைவாக மங்கலாக்குவது பொருத்தத்தைக் கூட்டும்.

குறைந்த நினைவகமுள்ள கிராஃபிக்ஸ் கார்டு வைத்திருப்பவர்கள் முதலில் டெக்ஸ்சர்களை, அதாவது உருவத்தின் மேற்பரப்பில் போர்த்தும் படங்களை, கவனிக்க வேண்டும். 4096 பிக்சல் சதுர டெக்ஸ்சர் ஒன்று சுருக்கப்படாத நிலையில் 64 எம்.பி. நினைவகத்தைப் பிடிக்கும், ஒரே உருவத்துக்கு இப்படிப் பன்னிரண்டு இருந்தால் 768 எம்.பி. ஆகிவிடும். இறுதிப் படத்தில் 600 பிக்சல் உயரமே வரும் உருவத்துக்கு 1024 அளவே போதும், அது 4 எம்.பி.தான்.