ஆசாரி திருப்பி வைத்த டெம்ப்ளேட்

தக்கலைப் பக்கம் போர்டு இல்லாத ஒரு மரப்பட்டறை. முன்னால் கதவும் கட்டிலும் செய்கிறார்கள், பின்பக்கச் சாய்ப்பில் கித்தார் வேலை. அப்பா மரத்தைப் பார்ப்பார். மகனுக்கு ஃப்ரெட் (கழுத்தின் குறுக்கே பதிக்கிற உலோகக் கட்டை), நட் (தலைப்பக்கம் கம்பிகள் உட்காரும் துண்டு), வயரிங். என் பேஸ் கித்தாருக்குப் புது பாடி (கழுத்தைத் தாங்கும் அடிப்பலகை) செய்துதரச் சொல்லி மே கடைசியில் கொடுத்தேன். மூன்று வாரம் என்றார்கள். கைக்கு வந்தது ஆகஸ்டில். ஜூன் மழையில் தடி காயவில்லையாம். காயாத தடியில் அடித்துத் தருவதற்கு இது தேவலை என்று பேசாமல் இருந்துவிட்டேன்.

எனக்கு மார்த்தாண்டத்தில் மோட்டார் வைண்டிங் கடை. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பேஸ், டிசம்பர் வந்தால் கேரல் ரவுண்டு. இருந்தது ஃபெண்டர் கம்பெனியின் ஜாஸ் பேஸ் மாதிரி, பாஸ்வுட் மரத்தில் பாடி. திருவனந்தபுரத்தில் ஒரு கடைக்காரர் அதைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "சவுண்டு வேணும்னா ஆல்டர், ஆஷ்னு போகணும், இதுல ஒண்ணும் வராது" என்றார். அந்தப் பேச்சு மூன்று வருடம் மண்டைக்குள் குடைந்துகொண்டே இருந்தது.

ஆசாரியிடம் ஆஷ் என்றதும் சிரித்தார். "அமெரிக்கா மரம் என்னத்துக்கு மக்ளே? அயனி இருக்கு, பிலா இருக்கு. வீணையே பிலாவுலதானே செய்யான். ஈட்டித் தடியில வேணும்னாலும் செய்யலாம், தோளு போயிரும்." அயனி என்று முடிவானது. நம் ஊரில் வள்ளத்துக்கும் வீட்டு உத்தரத்துக்கும் போகிற தடி. செய்து வந்ததைப் பார்த்தபோது மனசு நிறைந்ததை ஒத்துக்கொள்ள வேண்டும். மஞ்சள் ஓடிய பழுப்பு, நீளமான ரேகை, மேலே மெல்லிய பாலிஷ் மட்டும். கழுத்து இறங்கும் குழியில் ஒரு அட்டைகூட நுழையாத இறுக்கம். ரப்பர் ஷீட் எடுக்கிற கடைத் தராசில் வைத்தேன்: 4.6 கிலோ. பழையது 3.9. இரண்டு மணி நேர ஆராதனையில் அந்த 700 கிராம் தன்னைக் காட்டும்.

சரி, சத்தம்? கழுத்து, பிரிட்ஜ் (பாடியில் கம்பிகள் உட்காரும் இடம்), பழைய கம்பிகள், பிரிட்ஜ் பக்கத்துப் பிக்கப் (கம்பியின் ஆட்டத்தைக் கரண்டாக்கும் காந்தமும் காயிலும்) எல்லாம் பழையதிலிருந்தே கழற்றி மாட்டியது. பிக்கப் இருந்த இடமும் உயரமும் அதேதான். முன்பும் பின்பும் அந்த ஒரு பிக்கப்பை மட்டும் திறந்து வாசித்துப் பதிவு செய்தேன். கொயர் பிள்ளைகளுக்கு மாற்றி மாற்றிப் போட்டுக்காட்டினேன், எது புதுசு என்று ஒருவருக்கும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. எனக்கும்தான். வீணைக்குக் குடம் இருக்கிறது, குடம் அதிர்ந்து காற்றைத் தள்ளுகிறது, அங்கே பிலா பேசும். பேஸில் காந்தத்துக்கு மேலே கம்பி ஆடுகிறது, காயிலில் கரண்டு பிறக்கிறது. காயில் பார்ப்பது கம்பியின் ஆட்டத்தை. மரம் அந்த ஆட்டத்தைக் கொஞ்சம் தின்னலாம், கொஞ்சம் விட்டுவைக்கலாம், அவ்வளவுதான்.

இனி ஆசாரி செய்த கூத்து. முன்பக்கம், அதாவது கழுத்துப் பக்கம், ஃபெண்டரின் இன்னொரு மாடலான பிரிசிஷன் பேஸின் பிக்கப் போட வேண்டும் என்று சொல்லி, வாங்கிக் கொடுத்திருந்தேன். 1951-ல் அந்த பேஸ் வந்தபோது ஒற்றைக் காயில்தான். 1957-லிருந்து இரண்டு துண்டு. தடித்த இரண்டு கம்பிக்கு ஒரு துண்டு, அது கழுத்துப் பக்கம். மெல்லிய இரண்டுக்கு மற்றது, பிரிட்ஜ் பக்கம். ஆசாரி டெம்ப்ளேட்டை (குழி வெட்ட வைக்கிற அச்சு) புரட்டி வைத்துக் குழி தோண்டிவிட்டார். தடித்த கம்பியின் துண்டு பிரிட்ஜ் பக்கம் சுமார் ஒரு இஞ்ச் தள்ளிப்போய்விட்டது, மெல்லிய கம்பியின் துண்டு அதே அளவுக்குக் கழுத்துப் பக்கம் ஏறிவிட்டது. பார்த்ததும் வயிறு எரிந்தது. மகன் தலையைக் குனிந்துகொண்டு, "வாசிச்சுப் பாருங்கண்ணே, பொறவு ஏசுங்க" என்றான்.

வாசித்தேன். தடித்த ஈ கம்பியில் எப்போதும் இருந்த கொழகொழப்பு போய் அடி கெட்டியாக விழுந்தது. மெல்லிய ஜி கம்பி கம்பீரமாக உருண்டது. பிரிட்ஜை நெருங்கும்போது கம்பியின் முழு ஆட்டம் சிறுத்து மேல் ஹார்மானிக் (அடிநாதத்துக்கு மேலே கூட ஒலிக்கும் உபநாதம்) முன்னே வரும். கழுத்துப் பக்கம் போனால் அடிநாதம் பெருக்கும். முழுப் பலகையை மாற்றியும் கேட்காத வித்தியாசம், ஒரு இஞ்ச் குழியில் கேட்டது. அதே பிள்ளைகள் கண்ணை மூடிக்கொண்டு சரியாகச் சொன்னார்கள்.

இரண்டு துண்டு வேண்டும் என்று நான் அடம்பிடித்ததற்கு வேறு காரணம் உண்டு. எங்கள் சர்ச் மேடையில் பழைய வயரிங், ட்யூப் லைட், டிம்மர். ஒற்றைக் காயில் அத்தனை இரைச்சலையும் இழுக்கும். லைன் கரண்டு 50 ஹெர்ட்ஸ், ஈ கம்பி மூன்றாம் ஃப்ரெட் ஜி 49 ஹெர்ட்ஸ். ஜி ஸ்கேல் பாட்டில் நான் சரியாக வாசித்தாலும் பக்கத்தில் ஒருவன் சுதி விலகி முனகிக்கொண்டே இருப்பான். இரண்டு துண்டில் ஒன்றை மற்றதற்கு எதிராகச் சுற்றி, காந்தத்தையும் புரட்டி வைத்திருப்பார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சலுக்குக் காந்தத்தோடு தொடர்பில்லை, சுற்று மட்டும் மாறுவதால் ஒன்றை ஒன்று அடித்துவிடும். கம்பியின் சிக்னலுக்கு இரண்டும் மாறியிருப்பதால் எல்லாம் ஒரே பக்கம் சேரும். தினமும் காயில் கட்டுகிறவன் நான், இந்த யுக்தியை நினைத்தால் இன்றும் சந்தோஷமாக இருக்கிறது. இந்தக் காயிலில் சுற்றுகிற வயர் 0.063 மில்லிமீட்டர்தான், ஆயிரக்கணக்கில் சுற்று. சுற்றைக் கூட்டினால் சத்தம் கூடும், மேல்ஸ்தாயிக் கூர்மை குறையும். நாங்கள் மோட்டாரை வார்னிஷில் முக்குகிறோம், இதை மெழுகில் முக்குகிறார்கள்.

வயரிங்கில் மகனுக்குப் பாதி மார்க்தான். 250 கிலோ ஓம் பாட் (சத்தம் கூட்டிக் குறைக்கிற திருகு), 0.047 மைக்ரோ ஃபாரட் கெப்பாசிட்டர், சால்டர் எல்லாம் பளிச். ஆனால் பிரிட்ஜுக்கு எர்த் வயர் விட்டுப்போயிற்று. கம்பியைத் தொட்டாலும் இரைச்சல் குறையாததால் கண்டுபிடித்தேன். குழிக்குள் காப்பர் ஃபாயிலும் ஒட்டவில்லை, அதை நானே வீட்டில் ஒட்டினேன். ஆனால் ஃப்ரெட் தேய்த்ததும் நட் அரத்தால் ராவியதும் பெரிய ஊர்க் கை. 12-ஆம் ஃப்ரெட்டில் கம்பிக்கு 2 மில்லிமீட்டர் உயரம், எங்கும் கம்பி ஃப்ரெட்டில் இடிக்கிற அலறல் இல்லை.

ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது: ஜி கம்பி ஆறாம் ஃப்ரெட்டில் நாதம் சட்டென்று செத்துவிடுகிறது. அது கழுத்தின் வேலை. கழுத்து தன் போக்கில் ஆடுகிற சுருதி அங்கே வந்து அந்த நாதத்தை விழுங்குகிறது. பாடி எந்த மரமானாலும் இது பெரிதாக மாறாது. கழுத்தின் தலைப்பக்கம் ஒரு சின்ன கிளாம்ப் மாட்டினால் அந்த இடம் நகர்ந்துவிடுகிறது. மரத்துக்குக் காசு செலவழிக்க ஆசை இருந்தால் கழுத்துக்குச் செலவழிக்கலாம். ஐப்பசி மழைக்கும் சித்திரை வெயிலுக்கும் வளைவதும் அதுதான்.

பாடி 14,000, செட்டப் 1,500, பிக்கப் என் கையிலிருந்து தனி. போகிறவர்கள் போனடித்துவிட்டுப் போங்கள், டெம்ப்ளேட் மேல் கறுப்பு மையால் 'கழுத்து இந்தப் பக்கம்' என்று எழுதிக் கொடுங்கள்.

குழியை அடைத்து நேராகப் போட்டுத் தரட்டுமா என்று ஆசாரி இப்போதும் கேட்கிறார். வேண்டாம், கூலியில் 600 ரூபாய் கழித்துக்கொள்ளுங்கள் என்றேன். 500 கழித்தார்.