ரெட்ரோஆர்ச்சின் சிஆர்டி ஷேடர்கள்: எது பழைய டிவி, எது ஜன்னல் கம்பி

பழைய கேமின் மேல் ஒரு வரி விட்டு ஒரு வரி கறுப்புக் கோடு இழுத்து, அதற்கு ‘ஸ்கேன்லைன்’ என்று பெயர் வைத்திருக்கும் எமுலேட்டர்கள் (பழைய கன்சோல் கேமை இன்றைய கருவியில் ஓட்டும் மென்பொருள்கள்) இன்னும் நிறைய. பார்த்தால் ஜன்னல் கம்பிக்குப் பின்னால் கேம் ஓடுவது போலத்தான் இருக்கும். பல எமுலேட்டர்களை ஒரே இடத்தில் ஓட்டும் ரெட்ரோஆர்ச்சில், படத்தின் தோற்றத்தை மாற்ற இலவசமாகக் கிடைக்கும் சிறு நிரல்களான ஷேடர்களிலும் அந்த ரகம் உண்டு. சிஆர்டி எனும் பழைய டிவியின் பிக்சர் ட்யூபைக் கண்முன் கொண்டுவந்து நிறுத்தும் ரகமும் உண்டு. டஜன் கணக்கில் கொட்டிக் கிடக்கும் ஃபோல்டரில் வைத்துக்கொள்ள வேண்டியவை நாலைந்துதான்.

அந்தக் காலக் கன்சோல்கள் 480 வரி காட்டும் டிவிக்கு 240 வரியை மட்டும் அனுப்பின. ஒவ்வொரு முறையும் எலக்ட்ரான் கற்றை அதே வரிகளின் மேலேயே ஓடியதால் நடுவில் இருந்த இடம் வரையப்படாமல் இருண்டு கிடந்தது. ஸ்கேன்லைன் என்று நாம் சொல்வது அந்தக் கோடுகளைத்தான். ஆனால் கற்றையின் தடிமன் எப்போதும் ஒன்றாக இருக்காது. வெளிச்சம் கூடினால் கற்றை பருக்கும், குறைந்தால் மெலியும். அதனால் வெள்ளை மேகத்தில் இடைவெளி கிட்டத்தட்ட மூடிக்கொள்ளும். கருநீல இரவு வானத்தில் பளிச்சென்று தெரியும்.

சோதித்துப் பார்ப்பது சுலபம். வெள்ளை எழுத்தும் இருண்ட நிறமும் பக்கத்துப் பக்கத்தில் வரும் டைட்டில் திரையில் கேமை நிறுத்தி வையுங்கள். திரைக்கு ஒரு சாண் தூரத்தில் கண்ணை வைத்துப் பாருங்கள். எழுத்தின் உள்ளேயும் வெளியேயும் கோட்டின் தடிமன் ஒரே மாதிரி இருந்தால் அது ஜன்னல் கம்பி. எழுத்துக்குள் கோடு மெலிந்து, எழுத்தின் ஓரம் லேசாக ஊதி நின்றால் நல்ல ஷேடர்.

இந்தச் சோதனையில் முதலில் நிற்பது சிஆர்டி-கெஸ்ட்-அட்வான்ஸ்ட். கற்றையின் உருவத்தை இருண்ட பகுதிக்குத் தனியாகவும் வெளிச்சப் பகுதிக்குத் தனியாகவும் மாற்றலாம். அதன் பாராமீட்டர் பட்டியலோ மெனுவில் பக்கம் பக்கமாக நீளும். புதிதாக வருகிறவர் மிரண்டு ஓடுவார். முதலில் நான்கை மட்டும் தொட்டால் போதும்: பிரைட்பூஸ்ட் (வெளிச்சத்தைக் கூட்டுவது), மாஸ்க் வகை (மாஸ்க் என்பது ட்யூபின் சிவப்பு, பச்சை, நீலப் புள்ளிகளின் அமைப்பு), மாஸ்க் அழுத்தம், காமா (நடுத்தர நிறங்களின் வெளிச்சம்). வெளிச்சத்தைச் சுற்றிலும் பரவவைக்கும் குளோ, ப்ளூம் இரண்டையும் கடைசியில் கொஞ்சமாக ஏற்றுங்கள். எடுத்த எடுப்பில் ஏற்றினால் படம் முழுக்கப் பனி மூடியது போல் ஆகிவிடும், என்ன தவறு என்றும் புரியாது.

இதற்கே என்டிஎஸ்சி (பழைய டிவி சிக்னல் முறை) சேர்ந்த வடிவம் ஒன்று இருக்கிறது. சேகாவின் மெகா டிரைவ் கன்சோல் கேம்களை ஆடுகிறவர்கள் அதைத்தான் எடுக்க வேண்டும். 1991-இல் வந்த முதல் சோனிக் கேமின் அருவி, செங்குத்துக் கோடுகளாக வரையப்பட்டது. படத்தின் எல்லா விவரமும் ஒரே கம்பியில் வரும் காம்போசிட் கேபிளில் அந்தக் கோடுகள் கரைந்து கண்ணாடி போன்ற தண்ணீராகத் தெரியும். ஸ்கேன்லைன் எவ்வளவு நன்றாக இருந்தாலும், சிக்னல் கலங்குவதை ஷேடர் காட்டாவிட்டால் அருவி சீப்புப் பல்லாகவே நிற்கும்.

சிஆர்டி-லாட்டஸ் கொஞ்சம் ஆடம்பரம். ஸ்கேன்லைனும் மாஸ்க்கும் தூக்கலாக இருக்கும், ஆர்கேட் கேமுக்குப் பொருந்தும். ஸ்கேன்லைனின் அழுத்தத்தை மாற்றும் ஹார்ட்ஸ்கேன் -8-இல் தொடங்குகிறது. சிறிய திரையில் கோடு உறுத்தினால் -6 பக்கம் கொண்டுவாருங்கள். வார்ப்-எக்ஸ் 0.031, வார்ப்-ஒய் 0.041 என்று பழைய ட்யூபின் வளைவும் கூடவே வருகிறது. 1080பி திரையில் இரண்டையும் பூஜ்யமாக்கிவிடுவது நல்லது. காரணம் கீழே வருகிறது.

சிஆர்டி-ராயல் படத்தைப் பல பாஸ்களில் (சுற்றுகளில்) செயலாக்கும் கனமான ஷேடர். ஸ்லாட் மாஸ்க், ஷேடோ மாஸ்க், ஆபர்ச்சர் கிரில் என்ற மூன்று மாஸ்க் வகைகளையும் இவ்வளவு நுணுக்கமாகச் செய்வது அரிது. ஆனால் மாஸ்க் ட்ரையட் (சிவப்பு-பச்சை-நீலம் சேர்ந்த ஒரு தொகுதி) அளவு 3 பிக்சலில் தொடங்குவதால் 4கே திரையில் மாஸ்க் கண்ணுக்கே தெரியாமல் போகும். 5, 6 என்று ஏற்றிப் பாருங்கள். சிஆர்டி-ஜியோம் வயதானது, இன்றும் குறை சொல்ல முடியாதது. நடுத்தர கம்ப்யூட்டரில் கண்ணை மூடிக்கொண்டு போடலாம். போனுக்கும் சின்னக் கைக்கருவிகளுக்கும் ஸீஃபாஸ்ட்-சிஆர்டி. ஒரே பாஸ், பேட்டரியைக் குடிக்காது. கற்றையின் நுணுக்கத்தை அதனிடம் எதிர்பார்க்காதீர்கள்.

வெளிச்சம்தான் இந்த விளையாட்டின் பெரிய செலவு. சிவப்பு, பச்சை, நீலம் என்று முழு அழுத்தத்தில் மாஸ்க் போட்டால் ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு நிறம் மட்டுமே மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம்தான் வெளியே வரும். ஸ்கேன்லைன் அதில் பாதியைத் தின்றால் 300 நிட்ஸ் (திரை வெளிச்சத்தின் அலகு) மானிட்டர் 50 நிட்ஸ் ஆகிவிடும். ஷேடர்கள் காமாவையும் ப்ளூமையும் வைத்து இதை ஓரளவு மறைக்கின்றன. மறைக்காமல் நேராகச் செய்வது சோனி மெகாட்ரான் என்ற ஷேடர். அதற்கு எச்டிஆர் திரை, அதாவது வழக்கத்தைவிட அதிக வெளிச்சம் காட்டும் திரை வேண்டும். ரெட்ரோஆர்ச்சின் வீடியோ செட்டிங்ஸில் எச்டிஆரை ஆன் செய்து, உங்கள் திரையின் உச்ச நிட்ஸை ஷேடர் பாராமீட்டரில் சரியாகக் கொடுக்க வேண்டும். ஆயிரம் நிட்ஸ் தரும் திரையில் இது மற்ற எல்லாவற்றையும் தூக்கிச் சாப்பிட்டுவிடும். பெயருக்கு எச்டிஆர் என்று ஸ்டிக்கர் ஒட்டிய 400 நிட்ஸ் மானிட்டரில் மங்கல் தவிர வேறு லாபமில்லை.

போடும் விதம்: செட்டிங்ஸ், டிரைவர்ஸ், வீடியோ என்று போய் வல்கன் என்ற கிராஃபிக்ஸ் டிரைவரைத் தேர்ந்து, ரெட்ரோஆர்ச்சை மூடித் திறங்கள். பழைய ‘ஜிஎல்’ டிரைவரில் ஸ்லாங் என்ற வடிவத்தில் எழுதிய இந்த ஷேடர்கள் ஓடாது. ‘ஷேடரையே காணோம்’ என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருப்பார்கள். பிறகு ஆன்லைன் அப்டேட்டரில் ‘அப்டேட் ஸ்லாங் ஷேடர்ஸ்’. கேமை ஓடவிட்டு குவிக் மெனு, ஷேடர்ஸ், லோட். ஷேடர்ஸ்_ஸ்லாங் ஃபோல்டருக்குள் சிஆர்டி இருக்கும். மாற்றி முடித்ததும் ‘சேவ் கோர் ப்ரீசெட்’ கொடுங்கள்; கோர் என்பது ரெட்ரோஆர்ச்சுக்குள் ஓடும் எமுலேட்டர், ப்ரீசெட் என்பது சேமித்த அமைப்பு. குளோபல் ப்ரீசெட்டாக சேவ் செய்தால் கேம் பாயிலும் அதே ஷேடர் வந்து உட்காரும். கேம் பாயின் திரை எல்சிடி, அதில் ஸ்கேன்லைன் என்ற பேச்சே இல்லை. அதற்கு எல்சிடி-கிரிட்-வி2 போடுங்கள். வீடியோ செட்டிங்ஸில் பிக்சல்களைக் குழைக்கும் பைலீனியர் ஃபில்டரிங் ஆஃப், படத்தை முழு எண் மடங்கில் மட்டும் பெரிதாக்கும் இன்டிஜர் ஸ்கேல் ஆன்.

இன்டிஜர் ஸ்கேல் எதற்கு? 1080-ஐ 240-ஆல் வகுத்தால் 4.5. ஒரு வரிக்கு நான்கு பிக்சல், அடுத்ததற்கு ஐந்து என்று பங்கு பிரியும்போது கோடுகள் தடித்தும் மெலிந்தும் வரும். படம் மேலும் கீழும் நகரும்போது அது அலையடிக்கும். 1440பி-யில் சரியாக 6 மடங்கு, 4கே-யில் சரியாக 9 மடங்கு. சூப்பர் நின்டெண்டோ (எஸ்என்இஎஸ்), மெகா டிரைவ் கேம்கள் பெரும்பாலும் 224 வரி. 1080பி-யில் 4 மடங்கு என்றால் 896. மேலும் கீழும் 92 பிக்சல் கறுப்பாக விடும். 5 மடங்கு என்றால் 1120. 40 பிக்சல், அதாவது மேலே நான்கு வரியும் கீழே நான்கு வரியும் வெட்டுப்படும். பழைய டிவியின் விளிம்பே அவ்வளவை விழுங்கியதால் பல கேம்களில் நஷ்டமில்லை. ஸ்கோர் விளிம்பை ஒட்டி இருக்கும் கேமில் மட்டும் 4-க்குத் திரும்புங்கள். இந்தக் கணக்கு உயரத்துக்கு மட்டும்தான். அகலத்தில் கற்றை தொடர்ச்சியாக ஓடியது, அங்கே மடங்கு தேவையில்லை. 4:3 விகிதம் இருந்தால் போதும்.

வளைவை ஆன் செய்தால் இந்தக் கணக்கெல்லாம் வீண். வளைந்த வரியை நேரான பிக்சல் கட்டத்தில் உட்காரவைக்க முடியாமல் பட்டுப் புடவையில் ஓடுவது போன்ற நெளிவு படம் முழுக்க வரும். 4கே-யில் அது அடங்கும். 1080பி-யில் அடங்காது.

அடிக்கடி வரும் புகார் இன்னொன்று: ‘பிளேஸ்டேஷன் கேமில் ஸ்கேன்லைனே வரவில்லை.’ கோர் ஆப்ஷன்ஸில் இன்டர்னல் ரெசல்யூஷன் 4 மடங்கில் இருக்கும். ஷேடர் கையில் கிடைப்பது 960 வரி. அது 960 கோடு வரைகிறது. உங்கள் திரையில் அத்தனைக்கும் இடமில்லை. 1 மடங்குக்கு இறக்கினால் சரியாகிவிடும். கூர்மையான 3டி வேண்டுமா, ட்யூப் படம் வேண்டுமா என்பதில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

மாஸ்க்கின் நிறம் கெட்டுப்போனால் ஷேடரைத் திட்டுவதற்கு முன் திரையைப் பாருங்கள். மெஜந்தா-பச்சை மாறி மாறி வரும் இரண்டு பிக்சல் மாஸ்க், திரையின் சப்பிக்சல்கள் (ஒரு பிக்சலுக்குள் இருக்கும் நிறத் துண்டுகள்) சிவப்பு-பச்சை-நீலம் என்ற வரிசையில் இருப்பதாக நம்பி எழுதப்பட்டது. வரிசை தலைகீழான பேனலிலும், வெள்ளை சப்பிக்சல் சேர்ந்த ஓஎல்ஈடி டிவியிலும் வெள்ளை எழுத்தின் ஓரத்தில் நிறம் கசியும். டிவி நிற விவரத்தைச் சுருக்கிய 4:2:0 சிக்னலை வாங்கிக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம். நிற விவரம் நான்கு பிக்சலுக்கு ஒன்றாகச் சுருங்குவதால் மாஸ்க் மொத்தமாகச் சாம்பல் பூசிக்கொள்ளும். எச்டிஎம்ஐ உள்ளீட்டுக்கு ‘பிசி’ என்று பெயரிட்டால் பல டிவிகள் நிறத்தைச் சுருக்காத 4:4:4-க்கு மாறிவிடும். கூடவே ஷார்ப்னஸையும், படத்தின் விளிம்பை வெட்டும் ஓவர்ஸ்கேனையும் அணைத்துவிடுங்கள். டெஸ்க்டாப் ரெசல்யூஷன் திரையின் சொந்த அளவிலேயே இருக்கட்டும்.

செட் செய்த படத்தை யாருக்காவது அனுப்ப வேண்டுமென்றால் ‘ஜிபியு ஸ்க்ரீன்ஷாட்’ ஆன் செய்து எடுங்கள். இல்லாவிட்டால் ஷேடர் இல்லாத வெறும் படம்தான் சேவ் ஆகும். மெசேஜிங் ஆப்பில் போட்டோவாக அனுப்பினால் அது சுருக்கும்போது மாஸ்க் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். பிஎன்ஜியை ஃபைலாக அனுப்பி, வாங்குகிறவரை 100% அளவில் திறக்கச் சொல்லுங்கள்.