மெதுவாகப் போனால் தலையாட்டும் படகு: மூன்று வருட அனுபவம்

பழவேற்காட்டு ஏரியில் மூன்று வருடமாக ஒரு 17 அடி ஃபைபர் படகு ஓட்டுகிறேன். பின்னால் 40 குதிரைத்திறன் அவுட்போர்டு மோட்டார், நடுவில் ஸ்டியரிங், இரண்டுக்கும் இடையே ஒற்றைக் கேபிள். பழைய படகாக வாங்கியது. வேகத்தில் நூல் பிடித்த மாதிரி நேராகப் போகும். வலைக்கம்புகளுக்கு நடுவே வேகத்தைக் குறைத்தால் போதும், தலையை ஆட்ட ஆரம்பித்துவிடும். இடப்பக்கம் போகிறதே என்று வலப்பக்கம் திருப்பினால் முதலில் ஒன்றும் நடக்காது. அப்புறம் தேவைக்கு மேல் வலப்பக்கம் போய்விடும். பூநாரை பார்க்க வந்தவர்களோடு போனபோது ஒருமுறை ஒருவருடைய வலை மேலேயே ஏறிவிட்டேன். கிழிந்த வலைக்குப் பணம் கொடுத்தேன். அவருடைய அன்றைய பாடு போனது போனதுதான். அதற்குப் பிறகுதான் இதை விடக்கூடாது என்று இறங்கினேன்.

முதலில் செய்த சோதனை எளிது. ஒருவர் மோட்டாரை அசையாமல் பிடித்துக்கொள்ள, நான் ஸ்டியரிங்கை மெல்லத் திருப்பினேன். நான்கு விரற்கடை வரை சும்மா சுற்றியது. அவ்வளவு ஆட்டம்! வேகமாகப் போகும்போது இது ஏன் தெரியவில்லை என்றால், புரொப்பெல்லர் சுழலும் விசை மோட்டாரை எப்போதும் ஒரே பக்கமாக அழுத்திப் பிடிக்கும். ஆட்டம் முழுவதும் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். வேகம் குறைந்தால் அந்த அழுத்தம் போய்விடும். மோட்டார் அந்த இடைவெளிக்குள் தன்னிஷ்டத்துக்கு ஊசலாடும்.

ஆட்டம் இரண்டு இடத்தில் இருந்தது. கேபிள் முனையை மோட்டாரோடு இணைக்கும் கம்பியின் போல்ட் ஓட்டை தேய்ந்து முட்டை வடிவமாகியிருந்தது. கேபிளும் உள்ளே தேய்ந்திருந்தது. உறைக்குள் எண்ணெய் விட்டுப் பார்த்ததெல்லாம் வீண். தேய்ந்த கேபிளை மாற்றத்தான் வேண்டும். இணைப்புக் கம்பியையும் புதிதாகப் போட்டேன். அந்த போல்ட்டுக்கு லாக் நட் மட்டும்தான் போட வேண்டும். சாதாரண நட் அதிர்வில் கழன்றால் நடு ஏரியில் ஸ்டியரிங்கே இருக்காது.

கேபிளின் இரும்புத் தண்டு ஓடும் குழாயில் பழைய கிரீஸ் உப்போடு சேர்ந்து கல்லாகிக் கிடந்தது. சுரண்டி எடுத்துப் புதுக் கிரீஸ் அடித்தேன். அடிக்கும்போது தண்டு முழுவதும் குழாய்க்கு உள்ளே போயிருக்க வேண்டும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்போது அடித்தால் கிரீஸ் உள்ளே அடைத்து ஸ்டியரிங் இறுகிவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இதைத் தவறாமல் செய்கிறேன்.

முக்கால்வாசி சரியானது. மீதி படகின் குணம். அவுட்போர்டுக்குத் தனிச் சுக்கான் கிடையாது, புரொப்பெல்லர் தள்ளும் தண்ணீர்தான் படகைத் திருப்புகிறது. தள்ளல் குறைந்தால் பிடியும் குறையும். அதோடு நங்கூரம், தண்ணீர் கேன் எல்லாவற்றையும் நான் அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், போட்டு வைத்திருந்தேன். அணியம் அழுந்தினால் அது தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும், பின்பக்கம் வழுக்கும். சுமையைப் பின்னால் நகர்த்தியதில் காசு செலவில்லாமலே நல்ல வித்தியாசம் தெரிந்தது.

மோட்டாரில் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள தகட்டுக்கு அடியில் இருக்கும் சின்னத் துடுப்பைத் திருப்பி வைக்கச் சொன்னார் ஒரு மெக்கானிக். அது வேகத்தில் ஒரு பக்கம் இழுப்பதற்குத்தான் மருந்து, இதற்கு உதவவில்லை. புரொப்பெல்லருக்குப் பின்னால் மாட்டும் இரட்டைத் தகடும் வாங்கினேன். மோட்டாரோடு சேர்ந்து திரும்பி, சுக்கான் போலவே வேலை செய்கிறது. ஆழமான இடத்தில் ஓட்டுபவர்கள் தாராளமாக வாங்கலாம். நம் ஏரியின் ஆழத்துக்கும் வலைகளுக்கும் அது ஆகாது, ஒரே மாதத்தில் கழற்றிவிட்டேன்.

கடைசியாகக் கைப்பழக்கம். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர்தான் சொன்னார்: “தம்பி, அணியத்தப் பாக்காத. தூரத்துல லைட் அவுஸப் பாரு.” மோட்டார் நேராக இருக்கும்போது ஸ்டியரிங்கின் உச்சியில் சிவப்பு டேப் சுற்றினேன். இப்போது ஒரு விரல் அளவு திருப்புகிறேன், படகு பதில் சொல்லும்வரை காத்திருக்கிறேன், டேப்பை மறுபடி மேலே கொண்டுவருகிறேன். காற்று பலமாக அடிக்கும் நாளில் இன்னும் கொஞ்சம் ஆடத்தான் செய்கிறது. ஆனால் அந்த வலைக்காரரின் கம்புகளுக்கு நடுவே போன வாரமும் போய் வந்தேன், ஒரு கயிறுகூட உரசவில்லை.