பழைய கியூபெக்: காரோடு உள்ளேயா, படகிலா?

கனடாவின் கியூபெக் நகரத்தில், கோட்டைச் சுவர் சூழ்ந்த பழைய பகுதிக்குப் போக இரண்டு வழி. சுவருக்குள் காரோடு நுழைவது ஒன்று. கைக்குழந்தையோ முழங்கால் வலிக்காரரோ கூட வந்தால் அதுதான் சௌகரியம். ஆனால் செங்குத்தான குறுகிய தெருக்கள், ஒருவழிப் பாதைகள், இடம் தேடிச் சுற்றும் சுற்று... பலகையெல்லாம் பிரெஞ்சில், 'ஆரே' என்றால் நில். குளிர்காலத்தில் தெருவோர ஆரஞ்சு விளக்கு மினுக்கினால் பனி அள்ள வருகிறார்கள் என்று அர்த்தம். காரை எடுக்காவிட்டால் இழுத்துப் போய்விடுவார்கள்.

என் ஓட்டு எதிர்க்கரைக்கு. ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் லெவி என்ற ஊரில் காரை விட்டுப் படகேறினால் சுமார் 12 நிமிடம். செயின்ட் லாரன்ஸ் ஆற்றின் நடுவிலிருந்து பார்த்தால் ஷாட்டோ ஃப்ரோன்டெனாக் என்ற கோட்டை போன்ற ஹோட்டல் குன்றின் மேல் முழுசாகத் தெரியும். கடுங்குளிரில் பனிப்பாளங்கள் படகில் உரசிக் கரகரக்கும். இறங்கினால் கீழ்நகரம். அப்புறம் மேலே ஏற ஒரு படிக்கட்டு. பெயரே 'கழுத்து முறிக்கும் படி'. பயப்படாதீர்கள், கைப்பிடி இருக்கிறது.